பம்ப் இருக்கிறது, சாவி இல்லை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் என் அத்தையின் கட்டிலருகே நின்றிருந்தேன். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தை அளவு பிசகாமல் செலுத்த சிரிஞ்ச் பம்ப் வேண்டும். அந்த வார்டில் இருந்த இரண்டு பம்ப்புகளும் வேறு இரண்டு நோயாளிகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. பணியிலிருந்த செவிலியர் பக்கத்து வார்டுக்கு ஓடினார். பின்னாலேயே நானும் போனேன்.

"அக்கா, ஒரு பம்ப் கொடுங்கக்கா. காலையில திருப்பித் தந்துடுறேன்."

"பம்ப் இருக்கும்மா. பீரோவுலதான் இருக்கு. சாவி இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட. அவங்க காலையிலதான் வருவாங்க."

திரும்பி வந்தவர் மருந்தை சலைன் பாட்டிலில் கலந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சொட்டாக எண்ணத் தொடங்கினார். அந்த நேரத்தில் அவர் பொறுப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். பணி மருத்துவர் நான்கு இடங்களுக்குப் போன் செய்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு பம்ப்பை வரவழைக்க நாற்பது நிமிடம் ஆனது. அத்தை பிழைத்துக்கொண்டார். இன்றும் என்னோடு சண்டை போடும் அளவுக்கு நலமாக இருக்கிறார்.

அந்த இரவில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. யார் மீது என்று யோசித்தபோது ஆள் கிடைக்கவில்லை. சாவியை எடுத்துச் சென்ற பொறுப்புச் செவிலியர் மீதா? இல்லாத சாவிக்கு வருந்திய அந்த அக்கா மீதா? பிறகு செவிலியர்கள், மருத்துவர்கள், கருவி பராமரிக்கும் பொறியாளர்கள் சிலரோடு பேசிப் பார்த்தேன். பீரோவைப் பூட்டியதற்கு ஒரு நியாயம் இருந்தது. திறந்து வைக்கவும் அதே அளவு நியாயம் இருந்தது. இரண்டையும் நேர்மையாக எடுத்து வைப்பதே இந்தக் கட்டுரையின் முதல் வேலை.

பூட்டியவர் பக்கத்திலிருந்து தொடங்குவோம். அரசு மருத்துவமனை வார்டு ஒன்றின் பொறுப்பை ஏற்கும் செவிலியர் முதலில் கையெழுத்திடுவது இருப்புப் பதிவேட்டில்தான். ரத்த அழுத்தமானி முதல் படுக்கை விரிப்பு வரை எல்லாம் அதில் எண்ணிக்கையோடு இருக்கும். அந்த எண்ணிக்கைக்கு அவர் தனியாளாகப் பொறுப்பு. தணிக்கையில் ஒன்று குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். சில நேரம் அதன் விலையைச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும். ஓய்வு பெறும் நாளில் நிலுவை இல்லை என்ற சான்றுக்காக, எப்போதோ இரவல் போன ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரைத் தேடி வார்டு வார்டாக அலைந்தவர்களின் கதையை எந்த மருத்துவமனையிலும் கேட்கலாம். தொகுப்பூதியத்தில் பணிபுரியும் இளம் செவிலியருக்கு இந்த அச்சம் இன்னும் கூடுதல். ஒரு பம்ப்பின் விலையைக் கட்டுவது அவருக்குப் பெரும் சுமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவல் கொடுத்த கருவி பெரும்பாலும் போனபடியே திரும்புவதில்லை. வயர் அறுந்திருக்கும், சார்ஜர் காணாமல் போயிருக்கும், ஈ.சி.ஜி.யின் உறிஞ்சு குமிழ்களில் இரண்டு குறைந்திருக்கும். "எங்க கிட்ட வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்ற பதிலுக்கு மறுமொழி கிடையாது. ஒருமுறை இப்படிக் கைசுட்டவர் மறுமுறை பீரோவைப் பூட்டத்தான் செய்வார். கருவி தொலைந்தால் கேட்க ஆள் உண்டு. பூட்டிய பீரோவுக்குள் ஒரு கருவி ஓர் இரவு முழுவதும் சும்மா கிடந்தால் கேட்க எந்தப் பதிவேடும் இல்லை. நாம் எதைக் கணக்குக் கேட்கிறோமோ அதைத்தான் ஊழியர்கள் காக்கிறார்கள்.

துறைத் தலைவர்களின் நிலையும் இதுதான். மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக் குழு வரும்போது துறைவாரியாகக் கருவிகளின் பட்டியலைப் பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதி, விலைப்புள்ளி வாங்கி, நினைவூட்டல் அனுப்பிப் பெற்ற கருவியை, அப்படி முயன்றிராத இன்னொரு துறைக்கு அனுப்பச் சொன்னால் மனம் சுணங்கும். கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் யாரும் பதுக்கி வைப்பதில்லை. கிடைக்காமல் போய்விடுமோ என்ற அச்சமே பதுக்க வைக்கிறது.

இனி எதிர்ப்பக்கம். ஒரே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் மானிட்டர் உறையோடு தூங்க, மூன்றாவது மாடியில் அது இல்லாமல் நோயாளி தவிப்பதை எந்தப் பதிவேடும் நியாயப்படுத்தாது. மக்களின் வரிப்பணத்தில் வாங்கியது எந்த மாடிக்கும் தனிச்சொத்து ஆகாது. மத்திய அரசு 2015-ல் மருத்துவக் கருவிகளின் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கும் முன் பல மாநிலங்களில் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரையிலான கருவிகள் செயல்படாமல் கிடந்தது தெரியவந்தது. அதன் பிறகு, மாவட்ட மருத்துவமனைகளில் கருவிகள் 95 விழுக்காடு நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நல்ல இலக்குதான். ஆனால் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் நல்ல கருவியும் அந்தக் கணக்கில் இயங்கும் கருவியாகவே சேரும்.

அதற்காக எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிட முடியுமா? முடியாது. அதற்கு மிகத் தெளிவான சான்று அல்ட்ராசவுண்ட். கருவில் இருப்பது பெண் என்று தெரிந்து கலைத்த கொடுமையைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கருவியும் அது இருக்கும் இடமும் பதிவு பெற்றிருக்க வேண்டும், தகுதி பெற்ற மருத்துவர்தான் இயக்க வேண்டும், கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டும். உசிலம்பட்டியும் சேலமும் பெண் சிசுக்கொலைக்காகச் செய்தியில் அடிபட்ட காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுப்பாட்டைத் தேவையற்ற தொல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அதே கருவி இன்று வயிற்றுப் பிள்ளையைப் பார்க்க மட்டும் பயன்படுவதில்லை. விபத்தில் அடிபட்டவரின் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று சில நிமிடங்களில் காட்டும். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி ஏற்றும் மயக்கவியல் மருத்துவருக்கு வழிகாட்டும். டெங்கு முற்றிய குழந்தையின் நெஞ்சில் நீர் கோத்திருப்பதைச் சொல்லும். எனவே எல்லாத் துறைகளுக்கும் அது வேண்டும். சட்டமோ கடுமையானது. ஏதாவது சிக்கல் வந்துவிடுமோ என்று கருவியை ஓர் அறையில் பூட்டிவிடுகிறார்கள்.

சட்டத்தை நிதானமாகப் படித்தால் வழி இருக்கிறது. இடம் விட்டு இடம் எடுத்துச் செல்லும் கருவிகளைப் பற்றி 2012-ல் சேர்த்த விதி, பதிவு பெற்ற வளாகத்துக்குள்ளேயே உள்நோயாளிகளுக்காக அவற்றைப் பயன்படுத்த இடம் தருகிறது. வளாகத்தைவிட்டு வெளியே தோன்றியபடி கொண்டு போவதைத்தான் தடுக்கிறது. ஆக, செய்ய வேண்டியவை மூன்று வேலைகளே: எந்தெந்த மருத்துவர்கள் இயக்கலாம் என்று துறைவாரியாகப் பெயர் சேர்த்து உரிய அதிகாரியிடம் பதிவு செய்வது, கருவி எந்த நேரத்தில் எந்த வார்டில் யார் கையில் இருந்தது என்று எழுதி வைப்பது, படிவங்களில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. கட்டுப்பாடும் பகிர்வும் ஒரே பதிவேட்டில் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அறுவை அரங்கின் சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியும் இத்தகையதே. எலும்பு, நரம்பு, சிறுநீரகம் என்று பல துறைகள் அதற்காகக் காத்திருக்கும். கதிர்வீச்சு சம்பந்தப்பட்டதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஈயக் கவசம், ஊழியரின் உடையில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு அளவி ஆகியவை கட்டாயம். பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய கருவி இது. இங்கே கதவை இறுக்குவதே சரி.

ஆக, அணுகல் என்பது எல்லாக் கருவிக்கும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவிக்குச் சாவியே இருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓடட்டும், கணக்கைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். சிரிஞ்ச் பம்ப், மானிட்டர், ஈ.சி.ஜி. போன்றவை பெயர் எழுதி வாங்கிச் செல்லும் வகை. ஸ்கேனும் சி-ஆர்மும் பெயர்ப் பட்டியலில் உள்ளவருக்கு மட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வென்டிலேட்டரைப் போல எப்போதும் ஓரிடத்தில் தேவைப்படுவதைப் பொதுவில் சேர்க்கவே வேண்டாம். அதைச் சேர்க்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பெயர் எழுதி வாங்குவது என்றதும் நம் கண்மாய்ப் பாசன ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. மடைச் சாவி எந்த நிலக்காரரிடமும் இருக்காது. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஒருவரிடம் இருக்கும். யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பது ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். அதன்படி மடையைத் திறந்து மூடுவது அவர் வேலை. தண்ணீர் குறைந்த ஆண்டில் பெரிய நிலக்காரரும் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அறுவடையில் களத்திலிருந்து அவருக்கு நெல் அளப்பார்கள். பல ஊர்களில் நிலமற்ற குடும்பங்கள் மீதே இந்த உழைப்பு சுமத்தப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த ஏற்றத்தாழ்வைக் களைந்துவிட்டுப் பார்த்தால் எஞ்சும் ஏற்பாடு இன்றைக்கும் பயன்படும்: பொதுவானதற்குப் பொதுவான ஒரு காவலர், அவருக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி, அந்த வேலைக்கென்று ஒரு கூலி.

மருத்துவமனைக்கும் அப்படி ஒருவர் வேண்டும். எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளை ஓர் அறையில் திரட்டி, இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும்படி செய்யலாம். வெளிநாடுகளில் கருவி நூலகம் என்று இதை நடத்துகிறார்கள். வார்டு பதிவேட்டிலிருந்து அந்தக் கருவிகளை எடுத்துப் பொது அறையின் பதிவேட்டுக்கு மாற்றிவிட்டால், பொறுப்புச் செவிலியரின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கும். இந்த மாற்றம் எழுத்தில் நடக்க வேண்டும். வாய்ச்சொல்லாகப் பகிரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் பழையபடி வைத்தால், அந்த அறை ஒரு மாதத்தில் காலியாகி எல்லாம் பீரோக்களுக்கே திரும்பிவிடும்.

இதற்கு எங்கிருந்து ஆள் கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. பணியிடங்கள் நிரம்பாத மருத்துவமனையில் புதிதாக ஓர் அறைக்கு மூன்று ஷிப்ட் ஆள் போடுவது எளிதல்ல. ஆனால் இன்று ஒவ்வோர் இரவும் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் கருவி தேடி நடக்கும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது சம்பளப் பட்டியலில் தெரியாத செலவு. தொடக்கத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவை ஒட்டியே அறையை அமைத்து, அங்கிருக்கும் பணியாளர் ஒருவரிடம் இரவுப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பெயர்ப் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. பயிற்சி மருத்துவர்கள் துறை விட்டுத் துறை மாறிக்கொண்டே இருப்பார்கள். செவிலியர்களுக்குக் கலந்தாய்வில் இடமாறுதல் வரும். போனவர் பெயர் பட்டியலில் இருக்கும், வந்தவர் பெயர் இருக்காது. கணினி வழிப் பதிவாக இருந்தால் இன்னொரு தொல்லை: வந்தவர் போனவரின் கடவுச்சொல்லால் உள்ளே நுழைவார். பிறகு அது எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகி, கணினித் திரையின் ஓரத்தில் ஒரு தாளில் ஒட்டப்பட்டிருக்கும். அவசரத்தில் வேறு வழியில்லாமல் செய்வதுதான் இது. மாத முதல் நாளில் பணிப்பட்டியல் போடும்போதே அணுகல் பட்டியலையும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். புதிதாக வருபவருக்கு அன்றே அரை மணி நேரம் கருவியைக் காட்டிக்கொடுத்து, கற்றார் என்று கையெழுத்து வாங்கினால் மீதியும் குறையும். பயிற்சி இல்லாமல் கிடைக்கும் சாவி நோயாளிக்கு ஆபத்து. பம்ப்பில் ஒரு புள்ளி தவறான இடத்தில் விழுந்தால் மருந்து பத்து மடங்காகும்.

திருப்பித் தரும்போது துடைத்துத் தருவதும் விதியில் இருக்க வேண்டும். ஊர்ச் சங்கத்தில் கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவைத் துலக்காமல் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லையே. வார்டு வார்டாகச் சுற்றும் கருவி கிருமியையும் சுற்றவிடும் என்பது பகிர்வை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம். அந்த அச்சம் சரியானது. பொது அறைக்குத் திரும்பும் ஒவ்வொரு கருவியும் கிருமிநாசினியால் துடைக்கப்பட்டு, சார்ஜ் ஏற்றப்பட்டு, சரிபார்த்த பின்பே மறுபடி வெளியே போகும் என்றால், பீரோவில் இருந்ததைவிட அது சுத்தமாகவே இருக்கும்.

உடைந்தால், தொலைந்தால் யார் பொறுப்பு? இதற்கு விடை சொல்லாத எந்தத் திட்டமும் நிற்காது. கவனக்குறைவோ கைவரிசையோ இருந்தால் விசாரிக்கட்டும். பணியின்போது இயல்பாக நேரும் சேதத்துக்கு ஊழியரின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. அதற்கென்று மருத்துவமனை நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கலாம். பதிலுக்கு, ஊழியர் சங்கங்களும் ஓர் உறுதி தர வேண்டும்: உடைந்தால் மறைக்காமல் அன்றே சொல்வோம் என்று. மறைத்த பழுதுதான் அடுத்த நோயாளியின் உயிரோடு விளையாடுகிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. ஒரு காலத்தில் மருந்து கொள்முதல் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தில் மாத்திரை காலாவதியாகும், அடுத்த ஊரில் அதே மாத்திரைக்கு இல்லை என்பார்கள். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாகி, மாவட்டக் கிடங்குகளில் மருந்தைப் பொதுவாக வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் என்பது அதில் தெரிந்தது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துச் சென்ற ஏற்பாடு அது. 2017-ல் தொடங்கிய விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமும் துறைகளின் கோடுகளைத் தாண்டியதுதான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியின் நிலையை வகுத்து, எந்தத் துறையின் நோயாளி என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதத்தில், எந்த மானிட்டர் எந்தத் துறையுடையது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தேவை கண்ணெதிரே தெரிந்தபோது அதே ஊழியர்கள்தான் பகிர்ந்தார்கள்.

மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. பெற்றோர் நினைவாகவும் சங்கத்தின் ஆண்டு விழாவுக்காகவும் கருவிகள் வாங்கிக் கொடுக்கும் நல்ல உள்ளங்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பிட்ட வார்டுக்கென்று பெயர்ப்பலகை வைத்துத் தராமல், பொது அறைக்குத் தாருங்கள். உங்கள் பெயர் கருவியோடு எல்லா வார்டுக்கும் போகும். புதிதாக ஒன்றைத் தருவதற்கு முன், இருக்கும் கருவிக்கு பேட்டரியோ, குழாயோ, பராமரிப்பு ஒப்பந்தமோ தேவைப்படுகிறதா என்று கேளுங்கள். ஒரு பம்ப்பின் விலையில் ஓய்ந்து கிடக்கும் பல பம்ப்புகளை ஓடவிடலாம்.

உடனிருப்போராகப் போகும்போது நாமும் கொஞ்சம் பொறுமை காக்க வேண்டும். நம் நோயாளியிடமிருந்து மானிட்டரைக் கழற்றி அடுத்த கட்டிலுக்குக் கொண்டு போகும்போது, "எங்க ஆளுக்கு ஏன் எடுத்தீங்க" என்று செவிலியரிடம் குரல் உயர்த்துவோம். யாருக்கு இப்போது அவசரம் என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. ஏன் எடுக்கிறோம் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது அவர்கள் தரப்பில் செய்யக்கூடியது. அந்த இரண்டு வார்த்தை பல சண்டைகளைத் தடுக்கும்.

ஒரே நாளில் ஒரு மருத்துவமனை முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. சிரிஞ்ச் பம்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு மாடிகளில், ஆறு மாதம் செய்து பார்க்கலாம். எத்தனை முறை இரவல் போனது, எத்தனை முறை கேட்டுக் கிடைக்கவில்லை, எத்தனை பழுதாயின என்று எழுதி வைத்தால், அடுத்து எந்தக் கருவி என்பதை அந்த நோட்டே சொல்லும். அணுகல் பட்டியலைச் செவிலியர் கண்காணிப்பாளர், துறைத் தலைவர்கள், நிலைய மருத்துவ அலுவலர், கருவிப் பொறியாளர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும். மேலிருந்து வரும் சுற்றறிக்கை மட்டும் போதாது. இரவு டூட்டி பார்க்கும் செவிலியர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. மருத்துவமனை நிர்வாகத்தோடு பொதுமக்கள் பிரதிநிதிகளும் அதில் உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனைச் சங்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: இரவு இரண்டு மணிக்கு ஒரு வார்டுக்கு பம்ப் தேவைப்பட்டால், சாவி யாரிடம் இருக்கும்?